மூன்றாம் மாடிக் கதவும் நீ நிரப்பிய படிவமும்

அன்புள்ள மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நான் நலம். வழக்கமாக இதை ஒரே வரியில் முடித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவேன், நீயும் படிக்காமலே தாண்டிவிடுவாய். இந்த முறை தாண்டாதே. நான் நலம் என்று ஒரு டாக்டர் இரண்டு பக்கம் தட்டச்சு செய்து கீழே கையெழுத்தும் முத்திரையும் வைத்துக் கொடுத்திருக்கிறார். எழுபத்து மூன்று வயதில் இப்படி ஒரு சான்றிதழ் வாங்கியவன் இந்தத் தெருவில் நான் ஒருவன்தான், மற்றவர்கள் எல்லோரும் சான்றிதழ் இல்லாமலே நலமாக இருந்துகொண்டிருக்கிறார்கள். உன் நலமும் மாப்பிள்ளை, பேத்தி நலமும் அறிய ஆவல். மாப்பிள்ளைக்கு முதுகுவலி தேவலையா? பேத்தி பல்லுக்குக் கம்பி போட்டதிலிருந்து சிரிக்கவே மாட்டேன் என்கிறாளாமே, தாத்தாவுக்குக் கம்பி போடப் பல்லே இல்லை, இருந்தும் சிரிக்கிறார் என்று சொல். இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நீ முடித்துவிடுகிறாய், அதுவும் நான் நினைக்காத விதமாக முடித்துவிடுகிறாய். காகிதத்தின் குறுக்கே உன்னால் பேச முடியாது. ஆகவே பெரிய டீச்சரே, (ஆறு வயதில் எங்கள் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து நகம் பார்த்தாயே, அன்று உன் அம்மா வைத்த பெயர், இன்று வரை ஒரு பொத்தான்கூடத் தளராமல் உனக்குப் பொருந்துகிறது) கையில் இருக்கிற வேலையை ஓரமாக வைத்துவிட்டு முழுவதும் படி.

போன ஞாயிற்றுக்கிழமை உன் தம்பி வந்தான். கையில் ஒரு உறை, உறைக்குள் ஒப்பந்தம். என் பூட்டுக் கடையை அலைபேசி உறை விற்கிற ஒருவருக்கு விட்டுக்கொடுப்பதாகவும், பிறகு நான் உன்னிடம் வந்து இருந்துவிடுவதாகவும் ஏற்பாடாம். யார் செய்த ஏற்பாடு என்று கேட்டேன். "அக்கா எல்லாம் பேசிட்டா, நீங்க கையெழுத்து மட்டும் போட்டா போதும்" என்றான். நாற்பத்தெட்டு வருஷம் நான் உட்கார்ந்த நாற்காலி, அதில் என் வேலை கையெழுத்து மட்டும்தானாம். பேனாவைக்கூட அவனே மூடி திறந்து நீட்டினான். நான் கண்ணாடி காணவில்லை என்று சொல்லி அன்றைக்குத் தப்பித்தேன். கண்ணாடி என் நெற்றியில்தான் இருந்தது, அது எனக்கும் தெரியும் அவனுக்கும் தெரியும், ஆனால் அதைச் சுட்டிக்காட்டினால் என் மறதிக்கு இன்னொரு சாட்சியாகிவிடும், காட்டாவிட்டால் கையெழுத்து கிடைக்காது, இரண்டுக்கும் நடுவில் அவன் முழித்த முழியைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. போகும்போது வீடெல்லாம் மஞ்சள் சீட்டு ஒட்டிவிட்டுப் போனான். அடுப்புக்கு மேலே "கேஸ் அணைச்சாச்சா?", குளியலறையில் "குழாய் மூடியாச்சா?", வாசல் கதவில் "சாவி எடுத்தாச்சா?". பூட்டுக்காரன் வீட்டுக் கதவில் சாவியை நினைவூட்டிச் சீட்டு! நான் பதிலுக்கு அவன் செருப்பில் "காலில் போடவும்" என்று ஒரு சீட்டு ஒட்டி அனுப்பினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை திரும்ப வருவான். அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வரவேண்டும் என்றுதான் விரைவு அஞ்சலில் போடுகிறேன்.

இத்தனைக்கும் காரணம் அந்த மூன்றாம் மாடி. அதை உனக்கு இதுவரை யாரும் சரியாகச் சொல்லவில்லை, செய்தவன் நான் சொல்கிறேன் கேள். ஒரு மத்தியானம் ஓர் அம்மாள் கடைக்குப் போன் செய்தார். கதவு தானாகச் சாத்திக்கொண்டதாம், சாவி உள்ளே, அடுப்பில் பால். அவர் கேஸ் குழாயை மொத்தமாக அடைக்கச் சொல்லக் காவல்காரரைத் தேடிக் கீழே ஓடிக்கொண்டிருந்தார். நாலாம் மாடி, இடது கை, பழுப்புக் கதவு, நீங்க திறக்க ஆரம்பிங்க நான் வந்துடறேன் என்றார். நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். படியேறும்போதும் அவர் போனை வைக்கவில்லை, எங்கே இருக்கீங்க, வந்துட்டீங்களா, பால் பொங்கியிருக்குமே என்று கேட்டுக்கொண்டே இருந்தார், நானும் பதில் சொல்லிக்கொண்டே ஏறினேன். அந்தக் கட்டடத்தில் எல்லா மாடியிலும் இடது கைப் பக்கம் பழுப்புக் கதவுதான். ஆள் இல்லை என்று சொன்னாலும் மூன்று தடவை தட்டிவிட்டுத்தான் கம்பியை எடுக்கவேண்டும் என்பது என் தொழில் விதி. பால் என்ற பரபரப்பில் அன்றைக்குத் தட்டவில்லை. ஒன்றரை நிமிஷத்தில் பூட்டு திறந்தது. உள்ளே ஒரு கனத்த மனிதர் இடுப்பில் துண்டோடு, வெந்நீர் வாளியில் இரண்டு காலையும் ஊறப்போட்டுக்கொண்டு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து மரியாதையாக "யாருங்க?" என்றார். நான் பதிலே சொல்லாமல் நேராக அடுக்களைக்குப் போய் அடுப்பை அணைத்தேன். அதில் பால் இல்லை, இரண்டு முட்டை வெந்துகொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரும்ப வந்து "மன்னிக்கணும், உங்க முட்டை இன்னும் வேகலை" என்று சொல்லிவிட்டு மேலே ஏறி, அடுத்த பூட்டை ஒரு நிமிஷத்தில் திறந்தேன். பால் பாத்திரம் கருகிப்போயிருந்தது, வேறு சேதமில்லை.

யானைக்கும் அடி சறுக்கும். ஆனால் யானை சறுக்கியதைப் பார்த்தவன் உன் தம்பியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவனாக இருந்ததுதான் யானையின் தலையெழுத்து. வெந்நீர்க்காரர் மறுநாள் அலுவலகத்தில் இதைச் சிரிப்புக்குச் சொல்லியிருக்கிறார். உன் தம்பி அதைக் கவலையாக மாற்றி உனக்குச் சொன்னான். நீ அதற்குக் கண்ணும் காதும் மூக்கும் வைத்து உன் சித்திக்குச் சொன்னாய். சித்தி எனக்குப் போன் செய்து, "யாரோ வீட்டுக்குள்ள போய் அவங்க அடுப்புல சமைச்சீங்களாமே அத்தான்" என்று அழுதாள். இன்னும் இரண்டு பேர் வாய்க்குப் போயிருந்தால் நான் அங்கேயே குளித்துச் சாப்பிட்டுத் தூங்கியும் இருப்பேன். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள், சரி, ஆனால் அந்த ஒரு சோற்றையாவது நேரில் தொட்டுப் பார்க்கவேண்டாமா. சரி, உன்னையே கேட்கிறேன். போன வருஷம் விமான நிலையச் சோதனையில் மடிக்கணினியை விட்டுவிட்டு வீடு போய்ச் சேர்ந்தவள் யார்? பேத்தியைப் பள்ளியிலிருந்து அழைத்து வர மறந்து, அவள் காவலாளி அறையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் முழுக்க முடித்த கதை யாருடையது? அதற்கு நீ என்ன பெயர் சொன்னாய்? வேலைப் பளு. நீ மறந்தால் வேலைப் பளு, நான் மறந்தால் வியாதி. உனக்கு நாற்பத்து நாலு, எனக்கு எழுபத்து மூன்று, நடுவில் எந்தப் பிறந்தநாள் அன்றைக்குப் பளு வியாதியாக மாறுகிறது என்று நீயே சொல், எந்த வீடு எரியும் எந்தக் கார் மோதும் என்று காப்பீட்டுக் கம்பெனியில் கணக்குப் போடுகிறவள்தானே நீ.

இவ்வளவு கேலி பேசுகிறேனே, உள்ளுக்குள் உதறல் இல்லை என்று நினைத்துவிடாதே. இருந்தது. அந்த மூன்றாம் மாடியிலிருந்து வந்தபிறகு கடையை அரை மணி முன்னாலேயே சாத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, தெருவில் உள்ள கடைகளின் பெயரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் சொல்லிப் பார்த்தேன். பெட்டிக்கடைக்கு அடுத்த மூக்குக் கண்ணாடிக் கடையின் பெயர் வரவில்லை. தொண்டையில் நிற்கிறது, வாய்க்கு வரமாட்டேன் என்கிறது. உன் பெரியப்பா கடைசி மூன்று வருஷம் எப்படி இருந்தார் என்று நீ பார்த்திருக்கிறாய். பெரியம்மா சோறு பிசைந்து ஊட்டும்போது, "நீங்க யாரு வீட்டுப் பொண்ணும்மா, இவ்வளவு நல்லவளா இருக்கியே" என்று கேட்டார். அதே ரத்தம்தான் என் உடம்பிலும் ஓடுகிறது. அன்று ராத்திரி சாப்பிடவும் பிடிக்கவில்லை. மறுநாள் காலையில் முகம் துடைக்கும்போது அந்தக் கண்ணாடிக் கடைப் பெயர் தானாக வந்து விழுந்தது, கூடவே அதற்கு முன்னால் அங்கே இருந்த இரண்டு கடைகளின் பெயரும் வந்தன. எனக்கு அப்போதைக்கு அது வேண்டியிருக்கவில்லை, ஆனாலும் சந்தோஷத்தில் துண்டைத் தவறவிட்டேன். நீ டெஸ்ட் எடுங்க என்று அடம்பிடித்தபோது நான் உடனே சரி என்றேனே, உன் அதிகாரத்துக்குப் பயந்து சொன்னேன் என்று நினைத்திருப்பாய். எனக்கே தெரியவேண்டியிருந்தது அம்மா, அதனால்தான் போனேன்.

டாக்டர் நல்ல பெண், உன் வயதுதான் இருக்கும், ஆனால் எதிராளி பேசி முடிக்கும் வரை காத்திருக்கிற பழக்கம் உள்ளவர். முதலில் ஐந்து சொல் சொல்லி நினைவில் வைக்கச் சொன்னார், குடை, ஆரஞ்சு, ஏணி, பாலம், தொப்பி. பிறகு கடிகாரம் வரையச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். ஒரு நிமிஷத்தில் எத்தனை மிருகத்தின் பெயர் சொல்ல முடியும் என்றார், பதினேழு சொன்னேன், உன் தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், அவனையும் சேர்த்தால் பதினெட்டு. கடைசியில் அந்த ஐந்து சொல்லைத் திரும்பக் கேட்டார். நாலு வந்தது, ஏணி வரவில்லை. பரவாயில்லை, இது உங்க வயசுக்குச் சாதாரணம் என்றார். எனக்கு அது சாதாரணமாக இல்லை. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது எதிரே ஒருவன் விளம்பரப் பலகை மாட்ட ஏறிக்கொண்டிருந்தான். அவன் ஏறிய பொருளைப் பார்த்தபிறகு அந்தச் சொல் வந்தால் அது பார்த்து எழுதியது போலத்தான், ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அவனைப் பார்ப்பதற்கு அரை வினாடி முன்னாலேயே எனக்கு வந்துவிட்டது. வந்த பேருந்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். பதினொரு பேர் காத்திருந்தார்கள், வரவேற்பில் இருந்த பெண் டோக்கன் எடுங்க என்றாள். நான் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டி, "ஏணி" என்று சொல்லிவிட்டு வந்தேன். உள்ளே பரிசோதனைக் கட்டிலில் சட்டையைத் தூக்கிக்கொண்டு படுத்திருந்தவர் தனக்கு ஏதோ ஏணி வைத்துத்தான் வைத்தியம் செய்யப்போகிறார்கள் என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். உன் தம்பி வெட்கத்தில் இரண்டு பேருந்து தள்ளி வீடு வந்து சேர்ந்தான்.

அடுத்த வாரம் போனபோது டாக்டர் பொறுமையாக விளக்கினார். வயதானால் மூளை வேகம் குறையுமாம். பெயர்கள் உள்ளேதான் இருக்கும், எடுத்து வர நேரமாகும். ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்தால் இரண்டும் கெடும். புதிதாக ஒன்றைக் கற்க அதிக நாள் ஆகும், ஆனால் கற்க முடியாது என்றில்லை. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. அந்த எண் போட்டுத் திறக்கிற புதுப் பூட்டு வந்தபோது கம்பெனியில் வைத்த வகுப்பில் இளவட்டங்கள் ஒரு மணியில் கற்றதை நான் நாலு நாளில் கற்றேன். அவர்களில் மூன்று பேர் இப்போது என்னிடம் போன் செய்து சந்தேகம் கேட்கிறார்கள் என்பது வேறு விஷயம். படியில் போன் பேசாமல் ஏறியிருந்தால் நாலாம் மாடிக்குத்தான் போயிருப்பீர்கள் என்றார் டாக்டர். பிறகு ஓர் உதாரணம் சொன்னார். சாவியை எங்க வச்சோம்னு மறந்தா அது வயசு, சாவி எதுக்குன்னு மறந்தா உடனே எங்கிட்ட வரணும் என்றார். தப்பான மாடிக்குப் போனேன் என்று மட்டும்தான் அவரிடம் சொல்லியிருந்தேன், என் தொழில் அவருக்குத் தெரியாது. நான் சட்டைப் பையிலிருந்து என் விலாச அட்டையை எடுத்து நீட்டினேன், படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் குறையில்லை. இடது காது மந்தம், அதை மட்டும் கவனிக்காமல் விடக்கூடாதாம், காது சரியாகக் கேட்காதவன் பேச்சைக் குறைப்பான், பேச்சைக் குறைத்தவன் மூளை துருப்பிடிக்கும் என்றார். காதுக் கருவிக்கு அளவு கொடுத்துவிட்டேன். இனிமேல் நீ அங்கிருந்து கத்த வேண்டாம், ஆனாலும் கத்துவாய் என்று தெரியும்.

குறையாதது எது என்றும் சொன்னார். சொல் வளம் குறையாது, கை பழகிய தொழில் குறையாது, பார்த்துப் பார்த்துச் சேர்த்த அறிவு குறையாது, ஆள் எடைபோடுவது வயதோடு தேறக்கூடும் என்றார். அதைக் கேட்டதும் எனக்கு இரண்டு மாதத்துக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, உன் தம்பிக்குத் தெரிந்தும் உனக்குச் சொல்லாத விஷயம் இது, மூன்றாம் மாடிக்குப் பிறகு நடந்தது. நன்றாக உடுத்திய ஒருவர் வந்து வீட்டுச் சாவி தொலைந்துவிட்டது, வந்து திறங்கள் என்றார். கையில் அந்த வீட்டு மின்கட்டண ரசீது, பேச்சிலும் தடுமாற்றமில்லை. போனேன். சாவி தொலைத்தவன் கதவைத்தான் பார்ப்பான், பூட்டைத்தான் பார்ப்பான். இவர் கதவுக்கு முதுகைக் காட்டித் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது மட்டுமில்லை, அந்தக் கதவு வெளிப்பக்கம் திறக்கிற கதவு. அந்த வீட்டில் குடியிருக்கிறவன் உடம்பு தானாக ஒதுங்கி நிற்கும், இவர் கதவு வந்து இடிக்கிற இடத்தில் நின்றார். நான் இன்னொரு கம்பி வேண்டும் எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு எதிர் மளிகைக்காரரைக் கேட்டேன். வீட்டுக்காரர் மனைவியோடு பத்து நாளாக ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம், இந்த ஆள் முன்பு அங்கே மாடியில் வாடகைக்கு இருந்தவர். நான் திரும்பி வருவதற்குள் அவர் காணாமல் போயிருந்தார். அடுத்த வாரம் வீட்டுக்காரர் கடைக்கு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பூட்டைத் திறக்க யாரும் பழகலாம் மகளே, யாருக்குத் திறக்கக்கூடாது என்பதுதான் தொழில். முப்பது வயதில் நான் அந்தக் கதவை ஒரு நிமிஷத்தில் திறந்துகொடுத்திருப்பேன், பெருமையாக வேறு இருந்திருக்கும்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். எல்லாம் சொல்லி முடித்த டாக்டர், ஒன்று மட்டும் புரியவில்லை என்று கணினித் திரையைப் பார்த்தார். நெருங்கிய உறவினர் நிரப்பவேண்டிய படிவம் ஒன்று உண்டாம், பத்து வருஷத்துக்கு முன்பு இருந்ததோடு ஒப்பிட்டால் இப்போது எப்படி என்று கேள்விகள். உன் தம்பி உன் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்திருக்கிறான், நீ அங்கிருந்தே நிரப்பி அனுப்பிவிட்டாய். பதினாறு கேள்வி, பதினான்குக்கு மோசம், மிக மோசம். டெஸ்டில் இவ்வளவு நன்றாகச் செய்கிறவரைப் பற்றிப் படிவம் இப்படிச் சொல்கிறதே என்று அவருக்குக் குழப்பம். என்னைப் படிக்க விட்டார். புதிய கருவிகளைக் கையாள்வது: மோசம். எண் பூட்டு உன் கணக்கில் வரவில்லை. பேச்சில் கலந்துகொள்வது: மோசம். உன்னோடு பேசும்போது நான் கலந்துகொள்வதில்லை என்பது உண்மைதான், இடம் கிடைப்பதில்லை. எல்லாம் சிரித்துக்கொண்டேதான் படித்தேன், ஒரு வரி வரைக்கும். வீட்டைக் கவனித்துக்கொள்வது, சமைப்பது: முன்னைவிட மிக மோசம். பத்து வருஷத்துக்கு முன்னால் எனக்கு உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாது. வெந்நீரைக்கூட அடிப்பிடிக்க விட்ட ஒரே மனிதன் நான் என்று உன் அம்மா சொல்வாள். அவள் போய் ஒன்பது வருஷமாகிறது. இன்றைக்கு நான் மூன்று வேளையும் சமைக்கிறேன், துணி தேய்க்கிறேன், பொத்தான் தைக்கிறேன், உன் தம்பி வந்தால் இரண்டாவது தடவை கேட்டுச் சாப்பிடுகிறான். பத்து வருஷத்துக்கு முன்னால் இந்த வீடு ஒழுங்காக இருந்தது நிஜம்தான், ஆனால் அது நான் இல்லை, உன் அம்மா. நீ என்னை அவளோடு ஒப்பிட்டு எனக்கு மார்க் போட்டிருக்கிறாய். எனக்கு வலித்தது. டாக்டர் முன்னால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், இந்த முறை அது நிஜமாகவே மூக்கின் மேல்தான் இருந்தது.

உங்க மகள் கடைசியாக எப்போது வந்தார் என்று டாக்டர் கேட்டார். ஆறு வருஷம் ஆகிறது என்றேன். தினமும் பேசுவாரா என்றார். ஞாயிற்றுக்கிழமை கால் மணி நேரம், அதில் பத்து நிமிஷம் என் முகத்தைச் சரியாகக் காட்டச் சொல்லியே போய்விடும் என்றேன். வாரத்தில் பல நாள் உங்களைப் பார்க்கிற ஒருவரை அழைத்து வர முடியுமா என்றார். உன் தம்பியைப் பார்த்தார், அவன் மாதத்துக்கு ஒருமுறை என்று தரையைப் பார்த்துச் சொன்னான். கடைசியில் பக்கத்துக் கடையில் நகல் எடுக்கும் இயந்திரம் வைத்திருக்கிற அம்மாள் மறுநாள் கடையை இரண்டு மணி நேரம் சாத்திவிட்டு என்னோடு வந்தார். பத்தொன்பது வருஷமாக ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிறோம், இத்தனை நாளும் நான் அவரிடம் நகலுக்குச் சில்லறை இல்லை என்பதற்கு மேல் அதிகம் பேசியதில்லை என்று நினைத்திருந்தேன். அவர் எனக்குச் சாதகமாகவெல்லாம் எழுதவில்லை. "என்னைக் கூப்பிடறதுக்குள்ள மூணு பேரு பேரைச் சொல்லிட்டுத்தான் எம்பேருக்கு வருவாரு" என்றார். ஒரே நகைச்சுவையை ஒரே வாரத்தில் இரண்டு தடவை சொல்கிறார், இரண்டு தடவையும் நான் சிரிக்கவேண்டியிருக்கிறது என்றார். ஒருமுறை இரண்டு வேலையை ஒன்றாகப் பார்த்து ஒருவர் சாவியை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, அவரே தெருக்கோடி வரை ஓடிப்போய் வாங்கி வந்ததையும் சொன்னார். ஆனால் கோபம் முன்பைவிடக் குறைந்திருக்கிறது, வாடிக்கையாளரிடம் பொறுமை கூடியிருக்கிறது, மனைவி தவறிய வருஷத்தில் மத்தியானம் சாப்பிடாமலே இருப்பார், இப்போது எனக்கும் சேர்த்துக் கொண்டுவருகிறார் என்றார். இதையெல்லாம் அவர் கவனித்திருக்கிறார் என்று எனக்கே தெரியாது. படிவத்தின் தலைப்பில் உறவுமுறை என்று ஒரு கட்டம் உண்டு. அதில் என்ன எழுத என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு "பக்கத்துக் கடை" என்று எழுதினார். டாக்டர் உன் படிவத்தை ஒதுக்கிவிட்டு அதைத்தான் என் கோப்பில் சேர்த்தார்.

ஆகவே ஒப்பந்தத்தில் நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. அலைபேசி உறைக்காரருக்கு வேறு கடை பார்க்கச் சொல். எலி வளையானாலும் தனி வளை வேண்டும், அதுவும் நாற்பத்தெட்டு வருஷம் பழகிய வளை. அதற்காக நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறேன் என்று எண்ணாதே, சில விஷயத்தில் உன் வழிக்கு வந்திருக்கிறேன். படியேறும்போது போனை அணைத்துப் பையில் போடுகிறேன், ஒரு நேரத்தில் ஒரு சாவி மட்டும் வெட்டுகிறேன், வாடிக்கையாளரின் மாடி எண்ணைக் கையில் பேனாவால் எழுதிக்கொள்கிறேன். டாக்டர் வருஷத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார், போவேன். என்றைக்காவது அவர் உதட்டைப் பிதுக்கினால் அன்றைக்கே கடையைச் சாத்திவிட்டு உன்னிடம் வருகிறேன், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டேன், இது சத்தியம். உன் பெரியப்பாவுக்கு வந்தது எனக்கு வராது என்று எவனும் எழுதிக் கொடுக்க முடியாது, டாக்டரும் கொடுக்கவில்லை. ஆனால் அந்த நாள் வந்துவிட்டதா என்று சொல்ல என்னைத் தெரிந்த ஒருவர் வேண்டுமே. நான் உன்னை மறந்துவிடுவேனோ என்று நீ பயப்படுகிறாய், அது எனக்குப் புரிகிறது, அந்தப் பயத்தில்தான் இத்தனை ஆர்ப்பாட்டமும் என்று தெரியாமல் இல்லை. ஆனால் இப்போதைக்கு மறந்திருப்பது நீதான் அம்மா. ஒன்பது வருஷமாக நான் என்ன ஆனேன் என்று உனக்குத் தெரியாது, அதைக் கண்டுபிடிக்க எந்த ஆஸ்பத்திரியிலும் டெஸ்ட் கிடையாது. எனக்கு டிக்கெட் எடுக்காதே, உனக்கு எடு. ஒரு மாதம் வந்து இரு. காலையில் என்னோடு கடைக்கு வா, சும்மா ஒரு பக்கமாக உட்கார்ந்து பார், மத்தியானம் நான் சமைத்ததைச் சாப்பிடு, சண்டை போடு. படிவம் அடுத்த வருஷமும் வரும். அந்தக் கட்டத்தில் மகள் என்று எழுதுவதற்கு உனக்கு இன்னும் பதினோரு மாதம் இருக்கிறது.

மாப்பிள்ளையைக் குனிந்து எதையும் தூக்கவேண்டாம் என்று சொல். நீ ராத்திரி பன்னிரண்டு வரை கணினியைப் பார்க்காதே, மறதிக்குத் தூக்கம் கெடுவதுதான் பெரிய காரணம் என்று டாக்டர் சொன்னார், உனக்கும் சேர்த்துத்தான் கேட்டு வந்தேன். சித்திக்கு நீயே போன் செய்து நான் யார் வீட்டிலும் சமைக்கவில்லை என்று சொல்லிவிடு. உன் தம்பியைத் திட்டாதே, அவன் நல்லவன்தான், யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பேச்சைக் கேட்பான், அதனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் நீ கடைசியாகப் பேசிவிடு. பேத்தி தலையில் கை வைத்து அவளுக்கு என் ஆசீர்வாதம் சொல். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் தினமும் பார்த்துக்கொண்டு நீண்ட நாள் வாழவேண்டும்.

இப்படிக்கு,
பத்து வருஷத்துக்கு முந்தியவன் அல்ல, இப்போது இருக்கிற
உன் அப்பா